பொங்கல் இடம்

குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் படகு கட்டிப் பிழைக்கிறவன் நான். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் திண்டுக்கல்லில் கிடையாது. எதிரே வெங்காயக் கமிஷன் கடை வைத்திருப்பவர் தினமும் காலையில், "என்னப்பா, இன்னைக்குக் கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கல்லாவில் உட்காருவார். பதினோரு வருஷமாக அதே கேள்வி. ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும். அண்ணன்தான், "மதுரை வண்டி போனதும் கிளம்பிரும், ஏறிக்கங்க" என்று பதில் சொல்வார். அண்ணன் போனபிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் முதலில் லாரித் தார்ப்பாய் தைத்தவர்கள். தையல் நான், மரவேலை அண்ணன். ஒருநாள் கொடைக்கானலில் குடியிருக்கும் ஒருவர் கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகை, துணி கிழிந்த ஒன்றை, காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். மலையில் அதைத் தைக்க ஆள் இல்லையாம். பழைய துணியை உரித்தால் உள்ளே வெறும் மரக்கூடு. நீளச் சட்டங்கள், வளைத்த விலாக்கள், ஆணி என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் கயிற்றுக் கட்டு. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏலே, கயித்துக் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் மூக்கு வச்சாப்ல இருக்குல்ல" என்றார். அவருக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் அவரே ஒன்று கட்டிவிட்டார். கொடைக்கானல்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரியில் யாருக்கோ சொல்ல, அவர் கொச்சியில் யாருக்கோ சொல்ல, தார்ப்பாய் வேலை மெல்லப் பின்னால் போனது.

இந்தப் படகுகளில் கடையில் தொங்குகிற ஒன்றைச் சும்மா எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துக் கட்ட வேண்டும். வந்தவரைச் சுவரில் முதுகு ஒட்டத் தரையில் கால் நீட்டி உட்காரவைத்து, குதிகாலுக்கு ஒரு பெட்டியை அண்டக் கொடுத்து நீளம் எடுப்போம். இடுப்புக்கு இரண்டு பக்கமும் பலகையை நெருக்கி வைத்து நடுவில் எவ்வளவு என்று பார்ப்போம். எடை பார்க்க வெங்காயக் கடைத் தராசு. மூட்டை ஏற்றும் இடத்தில் பாண்டிச்சேரிக்காரர் வெட்கத்தோடு ஏறி நிற்பார். அளவையெல்லாம் அண்ணன் சுவரில் பென்சிலால் எழுதிவைப்பார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பது அவர் ஒவ்வொரு முறையும் சொல்லும் வசனம். வந்தவர்கள் புதிதாகக் கேட்பதால் சிரிப்பார்கள். எனக்குக் காது புளித்திருக்கும்.

இடுப்பு இறுக்கமாக இருந்தால்தான் உடம்பு சொல்கிறபடி படகு கேட்கும். தளர்ந்தால் ஆள் உள்ளே வழுக்குவார், படகு கவிழும். வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் அண்ணனுக்கு அதில் மனசு ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தத் தையல்காரரும் உள்ளே துணி விடாமல் தைக்கமாட்டார். ஜாக்கெட்டானாலும் கால்சட்டையானாலும் பின்னால் பிரித்துவிட இரண்டு விரல் துணி மடிந்து கிடக்கும். அதைப் படகில் கொண்டுவந்தார் அண்ணன். இடுப்புக்கு இரு பக்கமும் இரண்டு விரல் கூடுதலாக விட்டுக் கூடு கட்டுவார். அந்த இடைவெளியில் ரெக்சின் உறை போட்ட பஞ்சுத் திண்டைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக் கயிற்றால் கட்டிவிடுவார். இப்போதைக்கு இறுக்கம். நாளைக்கு ஆள் பெருத்தால் திண்டை எடுத்துவிட்டு உட்காரலாம். "தை மாசம் பொங்கல் தின்னு இடுப்பு ஊதுனா என்ன பண்ணுவாக, பாவம்" என்றார். அப்படித்தான் அதற்குப் பொங்கல் இடம் என்று பேர் வந்தது. கொச்சிக்காரர் ஒருவர் இரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டு, திண்டை எடுத்துவிட்டேன் என்று சொன்னபோது, அண்ணன் அந்தச் செய்தியை ஒரு மாதம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திண்டுக்கு உறை தைப்பது மதினி. அண்ணன் சம்சாரம். நான் ஒரு தாளில் அளவு எழுதிக் கொடுப்பேன், வீட்டு மிஷினில் தைத்துச் சாயங்காலம் கொடுத்தனுப்புவார். அவர் தையல் என் தையலைவிட நேராக இருக்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

இன்னொரு வழக்கமும் அண்ணன் வைத்திருந்தார். அடுத்தவன் அளவுக்குக் கட்டியதில் நாம் உட்காரக் கூடாது. புதுச் சட்டையைத் தைத்தவன் போட்டுப் பார்ப்பானா என்பார். ஒழுகல் பார்க்க மணல் மூட்டையை வைத்துக் குளத்தில் இறக்குவோமே தவிர, நாங்கள் ஏறமாட்டோம். இருபது முப்பது படகு கட்டினவர், ஒன்றில்கூட உட்கார்ந்தது கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன் ஆடி மாதத்தில் அண்ணனுக்குச் சோறு தங்கவில்லை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் என்னையும் மதினியையும் தனியே கூப்பிட்டார். வயிற்றில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. கத்தி வைக்கிற கட்டம் தாண்டிவிட்டது. அவர் மெதுவாகத்தான் சொன்னார். மதினி அழவில்லை. வெளியே வந்து குழாயில் முகம் கழுவிக்கொண்டு, "தம்பி, அவருகிட்டச் சொல்லக் கூடாது. அல்சர்னு சொல்லுவோம். தெரிஞ்சா அந்தப் பயத்துலயே போயிருவாரு" என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் குடும்பத்தில் யாருக்குத்தான் அவரவர் வியாதியைச் சொல்லியிருக்கிறோம். அப்பாவுக்கும் கடைசிவரை வாய்வுக் கோளாறுதான்.

ஆக, அல்சர். காரம் வேண்டாம், டீ வேண்டாம், மாத்திரையில் சரியாகிவிடும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மதினி வாசலிலேயே சொல்லி அனுப்புவார். அவர்களும் உள்ளே போய், "நல்லாத் தேறிட்டீகளே" என்பார்கள். அண்ணன் சட்டைக் காலருக்குள் கழுத்து தனியே ஆடிக்கொண்டிருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் அண்ணன் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தார். ரம்பம் பிடிக்க முடியாது, சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஏலே, எனக்கு ஒண்ணு கட்டு" என்றார்.

"உங்களுக்கா?"

"பின்ன, வெங்காயக் கடைக்காரருக்கா? இந்த வருசம் மழை நல்லாருக்கும்னு சொல்றாங்க. சாணார்பட்டிக் குளம் நெறைஞ்சா ஒரு தடவை உக்காந்து பாக்கணும். இம்புட்டுக் காலமும் ஊரானுக்கே கட்டியாச்சு."

எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. கேட்கிறாரே, அவர் கேட்டு நான் செய்ய ஒன்று இருக்கிறதே என்று. அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தேன். அளவெடுப்பது எப்போதும் அவர் வேலை. நான் பலகையை இரண்டு பக்கமும் நெருக்கினேன். அது நெருங்கிக்கொண்டே போனது. எலும்பில் இடித்து நின்றபோது அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்து எழுதினேன். வழக்கமாக எழுதும் எழுத்தைவிடச் சின்னதாக எழுதினேன். வெங்காயக் கடைத் தராசில் எண்ணைப் பார்த்தபோது, "மாத்திரை அப்படித்தான் எளைக்க வைக்கும்" என்றார் கடைக்காரர். அவருக்கும் சொல்லிவைத்திருந்தோம்.

அன்று சாயங்காலம் மதினி போன் செய்தார். "செத்தத் தாராளமாவே கட்டுங்க தம்பி. தேறி வருவாருல்ல" என்றார். டாக்டர் சொன்னதைக் கேட்டவர்தான். ஆனாலும் அவர் குரலில் பொய் இல்லை. சரி மதினி என்றேன்.

ஐப்பசி முழுக்க அண்ணனால் கடைக்கு வர முடியவில்லை. நான் தனியாகக் கட்டினேன். சிறுமலையிலிருந்து வந்த சில்வர் ஓக் மரத்தில் சட்டம் இழைத்தேன். விலாவுக்கு மூங்கிலைச் சீவி, தகரக் குழாயில் ஆவி கட்டி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் முழங்காலில் வைத்து வளைத்தேன். ஒன்பது விலா உடைந்தது. அவர் வளைத்தால் ஒன்றோ இரண்டோதான் உடையும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊரே சந்தோஷமாக இருந்தது. எனக்கு ஒரே எண்ணம்தான். கை வலு இல்லாதவர், படகு லேசாக இருக்க வேண்டும். அகலம் கூடினால் துடுப்பு எட்டாது. தளர்ந்தால் கவிழ்ந்துவிடுவார். ஆகவே ஒட்டக் கட்டு, எலும்புக்கு ஒட்டக் கட்டு. அப்படியே கட்டினேன். துணியை இழுத்து மாட்டி, மேல் நடுவில் தைத்து, மூன்று பூச்சுப் பெயிண்ட் அடித்தேன். கடையில் நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை.

பொங்கல் இடம் விட மறந்துபோனேன். மறந்தேன் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். மதினி கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வரவில்லை. இந்த உடம்பு இனிப் பெருக்காது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது, கை அதன்படி செய்துவிட்டது. இதற்குமேல் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் குளம் நிறைந்தது. செய்தி கேட்டு அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூக்கிலிருந்து வால்வரை துணியைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே நடந்தார். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். "பரவால்லயே" என்றார். பிறகு உட்காரும் வளையத்துக்குள் கையை விட்டார். கை பக்கச் சட்டத்தைத் தொட்டது, அங்கேயே நின்றது. மறு பக்கத்துக்குக் கையை மாற்றினார். அங்கேயும் வெறும் சட்டம்.

"பொங்கல் இடம் விடலயா அப்பு?"

ஏலே என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அப்பு என்பது நான் சின்னப் பையனாகக் காய்ச்சலில் கிடந்தபோது கூப்பிட்டது.

"மறந்துட்டேண்ணே."

"பதினோரு வருசத்துல ஒருத்தனுக்கும் மறக்கலையே."

பிரித்துக் கட்டிவிடலாம், பதினைந்து நாள் போதும் என்று உளறினேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பதினஞ்சு நாளு இருக்கா எங்கிட்ட?"

நான் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"உங்க மதினிக்குத் தெரியுமா?"

"மதினிதாண்ணே சொல்ல வேண்டாம்னாங்க. நீங்க பயந்துருவீகன்னு."

அவர் மெல்லத் தலையாட்டினார். பயந்த மாதிரித் தெரியவில்லை. கணக்குப் போட்ட விடைக்கு வாத்தியார் சரி போட்டுவிட்டதைப்போல முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேண்டாம். தாங்கமாட்டா" என்றார். எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு படகுக்குள் இறங்கி உட்கார்ந்தார். அளவெடுத்த நாளைவிட இன்னும் இளைத்திருந்தார். எலும்புக்கு ஒட்டக் கட்டியதிலேயே ஒரு பக்கம் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. "நான்கூட இம்புட்டுக் கச்சிதமாக் கட்டுனதில்லலே" என்றார். அவர் வாயால் அந்தப் பாராட்டுக்கு நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்.

அதற்குள் மதினி போனில் வந்துவிட்டார். "உறைக்கு அளவு சொல்லலையே தம்பி? நாளைக்குக் குளத்துக்குப் போகணும்னா நான் இன்னைக்குத் தைக்கணும்ல?" நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "எப்பவும்போல ரெண்டு விரக்கடை கனம், மதினி" என்றேன்.

சாயங்காலமே திண்டு வந்துவிட்டது. மற்றவர்களுக்குக் கறுப்பு ரெக்சின்தான் போடுவார். இதற்கு மெரூன். ஓரத்தில் இரட்டைத் தையல். அதை எங்கே வைப்பது? நான் தையலைப் பிரித்து உள்ளே பஞ்சைப் பாதிக்குமேல் பிடுங்கினேன். இன்னும் பிடுங்கினால் உறை தொளதொளவென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு விரல் கனத்துக்குக் கீழே இறக்க முடியவில்லை. மறுநாள் காலையில் அதைப் பார்த்துவிட்டு அண்ணன், "போதும், மாட்டு. கொஞ்சம் கடிக்கும், கடிக்கட்டும்" என்றார்.

படகை ஒரு டாட்டா ஏஸில் ஏற்றி மூன்று பேரும் குளத்துக்குப் போனோம். கரை ஓரத்தில் தென்னந்தோப்பின் கால்வரை தண்ணீர் நின்றது. மதினி கரையில் வெந்நீர்ப் பாட்டிலும் துண்டும் வைத்துக்கொண்டு நின்றார். முதல் வேலையாகக் குனிந்து படகுக்குள் பார்த்தார். மெரூன் திண்டு இரண்டும் இருந்தன. அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "பொங்கலுக்கு அப்புறம் இதைக் கழட்டிரணும்" என்றார் அண்ணனிடம். "ஆமா, உன் சமையலுக்குக் கழட்டித்தான ஆகணும்" என்றார் அண்ணன்.

நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரை இறக்கினேன். திண்டுகளுக்கு நடுவே அவர் உடம்பு போக மறுத்தது. தோளை அழுத்தி உள்ளே திணிக்க வேண்டியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். கரைக்கு முதுகு காட்டித்தான் கடித்தார். வாலில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். முதல் நாலைந்து வீச்சில் துடுப்பு தண்ணீரை அரைகுறையாகத் தொட்டது. பிறகு பிடிபட்டுவிட்டது. "கயித்தை விடுலே" என்றார். விட்டேன். படகு சத்தமில்லாமல் போனது. இருபது வீச்சு இருக்கும், அதற்குமேல் இல்லை. நடுவில் நிறுத்தி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா மிதந்தார். ஒரு கொக்குக்கூடப் பறந்து போகவில்லை. கரையிலிருந்து மதினி, "போதுங்க, காத்தடிக்குது" என்று கத்தினார். அவர் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

திரும்பி வந்ததும் வெளியே எடுக்க வரவில்லை. ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார். அக்குளில் கை கொடுத்து நான் இழுத்தேன். அவர் வலியில் முனகியது எனக்கு மட்டும் கேட்டது. என் காதோரம் வாயை வைத்து, "சிரிச்சுக்கிட்டே தூக்குலே. அவ பாக்குறா" என்றார். நான் சிரித்தேன். மதினி அதை போனில் படம் எடுத்தார். அந்தப் படத்தில் நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மார்கழியில் அண்ணன் போனார். அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை.

மதினி பல மாதம் மிஷினைத் தொடவில்லை. ஆர்டர் வந்தால் உறையையும் நானே தைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் ஆகப்போகிற சமயத்தில் ஒருநாள் கடைக்கு வந்து, உத்தரத்தில் தொங்கிய அந்தப் படகை இறக்கச் சொன்னார். வேறு யாருக்கும் அதில் உட்கார இடம் போதாது. விற்கிற எண்ணமும் எனக்கு இல்லை. இறக்கி வைத்தேன். மதினி உள்ளே கையை விட்டுத் திண்டை அவிழ்த்தெடுத்தார். விரலுக்கு நடுவே வைத்து அமுக்கிப் பார்த்தார். ஓரத்தில் நான் மறுபடி தைத்த கோணல் தையலைத் தடவினார்.

"உங்க தையல்" என்றார்.

நான் படகை இறக்கிய கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"குளத்துக்குப் போயிட்டு வந்து குளிக்க வைக்கிறப்பவே பாத்தேன் தம்பி. ரெண்டு இடுப்பும் கன்னிக் கறுத்துக் கெடந்துச்சு. பொங்கல் இடம் விட்ட படகுல எப்புடிக் கன்னும்? உறை தைக்கிறவளுக்குத் தெரியாதா? என்னங்க இதுன்னேன். கயிறு உரசிருச்சு போலன்னாரு. சரின்னு தேங்காண்ணெ தடவிவிட்டேன்."

"மதினி, அவருக்குத் தெரியும்னு உங்களுக்கு..."

"தெரியும். இடம் விடாதது தெரிஞ்சும் கயிறுன்னு மறைச்சாருல்ல, அப்பவே. எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாருன்னு விட்டுட்டேன்."

திண்டை மடியில் வைத்துக்கொண்டு வெங்காயக் கடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"அதுக்கப்புறம் இருபத்திரெண்டு நாளு தம்பி. பொண்டாட்டியும் புருசனும் ஒரே கட்டில்ல உக்காந்துக்கிட்டு, அல்சருக்கு என்ன வெஞ்சனம் ஒத்துக்கும்னு பேசிக்கிட்டே கெடந்தோம்."